கோழி அடைத்த இரவு

என் பெயரை யாரோ கூப்பிட்டார்கள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. பலா இலைகளிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கல்கத்தா பெஹாலாவில் எங்கள் வீட்டின் பின்பக்க அறையில், கொசுவலைக்குள், நான் மல்லாந்து படுத்திருந்தேன். குரல் கொல்லையிலிருந்து வந்தது. உரத்த குரல் இல்லை. ஒரு வீட்டில் நாலு பேர் தூங்கும்போது ஒருவரை மட்டும் எழுப்ப வேண்டுமென்றால் எப்படிக் கூப்பிடுவோமோ, அப்படி.

“சங்கரலிங்கம்...”

என் மனைவி வள்ளியின் குரல் அது. சந்தேகமே இல்லை.

ஆனால் வள்ளி என் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. எனவே கூப்பிட்டது வள்ளி இல்லை என்று முடிவு கட்டி, வாயைத் திறக்காமல் படுத்திருந்தேன். அந்த முடிவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

போன வாரம் இந்தத் தொடரை, சின்ன வயதில் கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பாவிடம் அடி வாங்கப் போகிற இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த அடியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்.

வழக்கமாக எழுதி முடித்ததும் வள்ளியிடம்தான் முதலில் கொடுப்பேன். இப்படியெல்லாம் நடக்கவே இல்லையே என்று இரண்டு இடத்திலாவது குற்றம் சொல்வாள். எனக்குக் கோபம் வரும். கோபம் தணிந்ததும் அவள் சொன்னபடி திருத்திவிடுவேன். இந்த அத்தியாயத்தை மட்டும் அவளிடம் காட்டவில்லை. அன்று இரவு நடந்ததில் என் பங்கு என்ன என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது.

ரதமேளாவில் வந்த ஆறு பேர்

எங்கள் மகன் நியூ டவுனில் பதினான்காவது மாடியில் இருக்கிறான். ஒரு மழைக்காலத்தில் குடும்பத்தோடு வந்தவன், பேத்தியை இங்கே ரதமேளாவுக்குக் கூட்டிப்போனான். தேர்த் திருவிழாவை ஒட்டி ரோட்டோரத்தில் போடுகிற சந்தை அது. பூச்செடி, அப்பளம், பறவை எல்லாம் விற்கும். பேத்தி ஆறு கோழிக்குஞ்சுகளோடு திரும்பி வந்தாள்.

பதினான்காவது மாடியில் கோழி வளர்க்க விடுவார்களா? குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியதும், மகன் அட்டைப்பெட்டியை எங்கள் சமையலறையில் வைத்துவிட்டு நைசாகக் கிளம்பிவிட்டான். இந்த வயதில் கோழி மேய்க்க வேண்டுமென்று என் தலையில் எழுதியிருக்கிறதா என்று நான் குதித்தேன். வள்ளி பெட்டிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். ஒரு குஞ்சு செத்துப்போனது. மற்ற ஐந்தும் பிழைத்து, வளர்ந்து, அவள் காலைச் சுற்றிக்கொண்டே திரிந்தன. என்னைக் கண்டால் மட்டும் தள்ளிப் போகும். கோழிக்குக்கூட ஆள் தெரியும் போலிருக்கிறது.

கூடு என் கைவேலை. மரப்பெட்டிகளை உடைத்து, கம்பி வலை அடித்து, பலாமரத்தடியில் நானே கட்டினேன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் தலை நரைக்கும்வரை இருந்தவன் நான். ஒரு கதவை எப்படிப் பூட்டுவது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் உண்டு.

அந்தக் கதவுக்கு ஒரு கோளாறு இருந்தது. மழைக்காலத்தில் மரம் ஊதி, கதவு ஒரு விரல்கடை கீழே இறங்கிவிடும். அப்போது சிட்கினி தன் துளைக்குள் போகாது. தாழ்ப்பாளைத்தான் சொல்கிறேன், வங்காளத்திலேயே வளர்ந்த என்னைப் போன்றவர்கள் வீட்டில் அது சிட்கினிதான். முட்டியைக் கதவின் அடியில் கொடுத்து, கதவை மேலே தூக்கி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை சிட்கினியைத் தள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு கம்பியை இரண்டு முறுக்கு முறுக்க வேண்டும். சேற்றில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு செய்கிற வேலை.

இருட்டுகிற நேரத்தில் கோழிகள் தாமாகவே உள்ளே போய்விடும். தீனி போடுவது வள்ளியின் பொறுப்பு, கோழி அடைப்பது என் பொறுப்பு என்று ஏற்பாடு. தினமும் ராத்திரி படுக்கப் போகும்முன், சிட்கினி போட்டாச்சா என்று அவள் கேட்பாள். நானும் போட்டாச்சு என்பேன்.

திறந்து கிடந்த கதவு

ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் சிட்கினி விலகியிருந்தது. கதவு ஒரு சாண் திறந்து, கம்பி முறுக்கில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கோழிகள் ஐந்தும் உள்ளேதான் இருந்தன. ஆனால் விடிந்து இவ்வளவு நேரமாகியும் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. ஐந்தும் ஒரே மூலையில், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்று காலையிலும் கூட்டுப் பக்கம் நல்ல வாசனை அரிசியில் பாயசம் வைத்த மணம் வந்தது. பக்கத்து வீட்டில் பாயசம் வைத்திருக்கிறார்கள், ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பக்கூட மனசு வரவில்லையே என்றுதான் நான் நினைத்தேன். இதைப் போய் யாரிடம் கேட்பது? பேசாமல் இருந்துவிட்டேன்.

பக்கத்து வீடு ஷ்யாமல்-தாவுடையது. டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் லைட்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் ‘தா’, அதாவது அண்ணன். அவர் மனைவியை நாங்கள் பௌதி என்போம். நம் ஊர் அண்ணி மாதிரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு குளம். பாதியைத் தூர்த்துவிட்டார்கள், மீதிப் பாதியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. பகலில்கூட அந்தப் பக்கம் நான் அதிகம் பார்ப்பதில்லை.

இரண்டு தரம் மட்டும்

மூன்றாவது நாள் சாயங்காலம் மழையில் கரண்ட் போய்விட்டது. ஷ்யாமல்-தாவும் பௌதியும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். வள்ளி பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து கொண்டுவந்தாள். கதவு விஷயத்தைச் சொன்னேன். ஷ்யாமல்-தா பொரி தின்பதை நிறுத்திவிட்டு, வெளியே ராத்திரியில் ஏதாவது குரல் கேட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். கேட்டால் பதில் குரல் கொடுக்காதீர்கள் என்றார்.

அப்புறம் நிஷியைப் பற்றிச் சொன்னார். வங்காளிகள் வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சமாசாரம் அது. நடுராத்திரியில் நிஷி வந்து வெளியே நின்று கூப்பிடும். உங்களுக்கு மிகவும் வேண்டியவர் யாரோ அவருடைய குரலில் கூப்பிடும். பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பதில் சொல்லி எழுந்து போனவன் திரும்பமாட்டான். ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு, இரண்டு தரத்துக்கு மேல் அதனால் கூப்பிட முடியாது. ஆகவே யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தரம் கூப்பிடும்வரை பொறுத்திருக்க வேண்டும். மூன்றாவது தரம் கூப்பிட்டால் மனிதர்.

ஒரு ராத்திரி ஷூட்டிங்கில் அவரோடு வேலை செய்த ஒருவன், அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனானாம். அவன் அம்மா செத்து வருஷக்கணக்காகிவிட்டது. விடிந்தபிறகு ஸ்டுடியோவுக்குப் பின்னால் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில், அசையாமல் நின்றுகொண்டிருந்தவனைத் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அவன் யாரோடும் பேசவே இல்லையாம்.

நான் சிரித்தேன். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டேன் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். வள்ளி சிரிக்கவில்லை. காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சொல்லக் கூடாத பெயர்

இங்கே என் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் நான் லிங்கம் பாபு. ஷ்யாமல்-தாவுக்கும் வெறும் லிங்கம். முழுப் பெயரையும் வாய் நிறையச் சொல்லிக் கூப்பிட்டவள் என் அம்மா ஒருத்திதான். அவளும் போய்விட்டாள்.

வள்ளிக்கு நான் ‘ஏங்க’. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவள் பிறந்த ஊர் சங்கரன்கோவில். புருஷன் பெயரில் பாதி ஊர்ப் பெயரில் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவளால் தன் சொந்த ஊர்ப் பெயரையே சொல்ல முடியாமல் போய்விட்டது. கோமதியம்மன் ஊர் என்பாள். ஒருமுறை ஹௌராவில் டிக்கெட் கவுன்டரில் எந்த ஊருக்கு என்று கேட்டபோது, ஊர் பெயரைச் சொல்லாமல், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கத்தும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் மருமகள் மகனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். அவள் கூப்பிடும்போதெல்லாம் வள்ளி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பௌதியும் அதே கட்சி. புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெண்களைப் பற்றி இரண்டு பேரும் மதில் சுவரில் கையூன்றிக்கொண்டு பேசி முடித்ததே இல்லை.

அந்த இரவு

அடுத்த நாள் பொழுதெல்லாம் மழை. கோழி அடைக்கப் போனபோது இருட்டிவிட்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச். முட்டி வலி வேறு. குளத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. பயம் என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். கதவைத் தூக்கவில்லை. சிட்கினியைக் கையாலேயே ஒரு தள்ளுத் தள்ளினேன். ‘டக்’ என்ற சத்தம் வரவில்லை. கம்பியை ஒரு முறுக்கோடு விட்டேன்.

நான் குறட்டை விடுவதால் வள்ளி முன் அறையில் படுப்பாள். அங்கிருந்து கேட்டாள்.

“முட்டி குடுத்துத் தூக்கிப் போட்டியளா?”

“போட்டாச்சு, போட்டாச்சு. போய்ப் படு.”

எரிச்சலாகத்தான் சொன்னேன். பொய் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

நான் எத்தனை மணிக்கு விழித்தேன் என்று தெரியாது. மழை விட்டிருந்தது. முதல் தரம் கூப்பிட்டதும் எழப் பார்த்தேன். கால் கட்டிலை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. அப்போதுதான் அது என் பெயர் என்பது உறைத்தது. வள்ளி என் பெயரைச் சொல்ல மாட்டாளே. காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தரம் கூப்பிட்டது. இந்த முறை இன்னும் மெதுவாக, கடைசி எழுத்தை இழுத்து.

“சங்கரலிங்கம்...”

மூன்றாவது தரத்துக்காகக் காத்திருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது தரம் கூப்பிடு, வந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். கூப்பிடவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சற்று நேரத்தில் ஜன்னல் வழியாகப் பாயச மணம் வந்தது. இந்த நேரத்தில் எவரும் பாயசம் வைக்கமாட்டார்கள். மணம் இவ்வளவு கிட்டத்தில் வந்தும் கோழிகள் ஒன்றுகூடக் கத்தவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

முன் அறைக்குப் போய் வள்ளி இருக்கிறாளா என்று பார்த்திருக்கலாம். பத்தடி தூரம். அந்தப் பத்தடியில் கொல்லைக் கதவைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. வெளிச்சம் வரும்வரை கொசுவலைக்குள்ளேயே கிடந்தேன்.

விடிந்தபோது

முதல் ஆட்டோ சத்தம் கேட்டபிறகுதான் எழுந்தேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. முன் அறைக் கட்டில் காலியாக இருந்தது.

வள்ளி கூட்டின் முன்னால், ஈரத் தரையில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. புடவை முழுக்கச் சேறு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் மட்டும் விழித்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கூட்டுக்குள் ஐந்து கோழிகளும் உயிரோடு இருந்தன.

நடந்தது இதுதான். நான் போட்டாச்சு என்ற பிறகும் மனசு கேட்காமல் அவள் எழுந்து பார்க்க வந்திருக்கிறாள். கதவு திறந்து தொங்கியது. முட்டி கொடுத்துத் தூக்கப் போனவள் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எழ முடியவில்லை. சிட்கினி எட்டவில்லை. மதில்மேல் ஏதோ ஒன்று உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கண் மட்டும் தெரிந்தது. பாயசம் மாதிரி மணந்தது. அதனால் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கதவில் முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டு, விடியும்வரை அப்படியே இருந்திருக்கிறாள். அது மதிலைவிட்டு இறங்கி, அவளைச் சுற்றி நடந்து, திரும்பவும் மதிலேறி உட்கார்ந்ததாம். எத்தனை தரம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அது மரநாய் என்று பௌதிதான் பிறகு சொன்னார். அதன் உடம்பிலேயே அந்த மணம் உண்டாம். இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளின் மச்சிலெல்லாம் இருக்குமாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் பாயசக் கிண்ணத்தை எதிர்பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில்

ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். நனைந்து கிடந்ததில் நுரையீரலில் சளி கட்டி, நாலு நாள் யாருக்கும் நம்பிக்கை இல்லை. மகன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அழுதான். நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் அவளுக்குப் பேச்சு வந்தது. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

“அன்னைக்கு ராத்திரி நான் கூப்பிட்டது ஒங்களுக்குக் கேக்கலியா?”

“கேக்கல. ஃபேன் சத்தம்” என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“நல்லவேளை” என்றாள். “ஏங்க ஏங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தேன். நீங்க வரல. வேற வழியில்லாம பேரைச் சொல்லிட்டேன். ரெண்டு தரம். மூணாவது தரம் வாய் வரல. பௌதி காதுல விழுந்தா என்ன நினைப்பாவன்னு வெக்கமாப் போச்சு. ஒங்க காதுல விழலைல்லா, அது போதும்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். சிட்கினி விலகியதற்கும் என்மேல் குறை சொல்லவில்லை. மழையில் மரம் ஊறினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றாள். அந்த நிமிஷம் செத்துப்போயிருந்தால் தேவலை என்றிருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் நிம்மதி கெட்டுவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

ஷ்யாமல்-தாவிடம் மட்டும் ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் ஒன்று கேட்டார். வள்ளி கூப்பிட்டது மழை கொட்டும்போதா, விட்ட பிறகா? வள்ளியிடம் சாமர்த்தியமாகக் கேட்டுப் பார்த்தேன். மழை கொட்டும்போது என்றாள். அடித்துச் சொன்னாள். மழை நின்றபிறகு தனக்குக் குரலே எழும்பவில்லை என்றாள்.

நான் கேட்டது மழை விட்ட பிறகு. இலையில் நீர் சொட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்படியென்றால் நீங்கள் கேட்டது வேறு குரல், எழுந்து போகாததால்தான் பிழைத்தீர்கள் என்று ஷ்யாமல்-தா என் தோளைத் தட்டினார். எனக்குத் தப்பிக்க நல்ல வழி. கொஞ்ச நாள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இன்றும் சில ராத்திரிகளில் அந்தச் சந்தேகம் வந்து, குளத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஆனால் எந்தக் குரலாக இருந்தால் என்ன? என் மனைவியின் குரல் என்று தெரிந்துதான் போர்வைக்குள் போனேன்.

வள்ளி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். கூட்டுக்கு மகன் இரும்புக் கதவு போட்டுக் கொடுத்திருக்கிறான். முட்டி கொடுக்கத் தேவையில்லை. என்னை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்கு உடம்பு தேறத் தேற, அந்த ‘ஏங்க’ கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொள்கிறேன். இனிமேலும் இதை வைத்துக்கொண்டு அவளோடு ஒரு வீட்டில் என்னால் இருக்க முடியாது.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு இரண்டு நாள் தாமதமாகத் தபாலில் வரும். உறையைப் பிரிப்பவள் அவள்தான். நேரில் சொல்ல வராத வாய்க்கு இது ஒன்றுதான் வழி.

இரண்டு தரமும் கேட்டது, வள்ளி. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.